கேட்டோட நின்னுபோன புகார்

சித்தி வீடு எண்ணூர்ல. வாசல்ல வலையை விரிச்சு நெத்திலி காயப் போட்டிருந்தாங்க. ஒண்ணை எடுத்து விரலால தடவிக் காட்டினாங்க. விரல் நுனி மை தொட்ட மாதிரி கறுத்துப்போச்சு. பக்கத்துக் கம்பெனியிலேர்ந்து வர்ற கரித்தூசி. "இத்த எவன்டா வாங்குவான்?"

தெருமுனையில தண்ணி டேங்க். அதுல ஆள் உயரத்துக்கு அதே கம்பெனி பேரு. சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பணிக்குன்னு கம்பெனி செலவழிக்கிற பணம். தூசியைப் பத்தி வாயைத் திறந்தாலே, "அவங்கதானே டேங்க் கட்டிக் குடுத்தாங்க"ன்னு தெருவுலயே ஒருத்தர் மடக்கிடறார்.

எனக்கு எரியறது இங்கதான். 2013 கம்பெனிச் சட்டத்தோட 135ஆம் பிரிவுப்படி, வரம்புக்கு மேல சம்பாதிக்கிற கம்பெனி முந்தின மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். சரி, செலவழிக்கட்டும். ஆனா அந்த லாபம் வர்ற வழியில யார் தலையில என்ன விழுதுங்கிறது தனிக் கணக்கு. ஐநாவோட சிறப்புப் பிரதிநிதியா இருந்த ஜான் ரகி உருவாக்கி, 2011ல ஐநா மனித உரிமை மன்றம் ஏத்துக்கிட்ட, தொழிலும் மனித உரிமையும் பத்தின 31 வழிகாட்டு நெறிகள் இதை மழுப்பாம சொல்லுது: எவ்வளவு நல்ல காரியம் செஞ்சாலும், தொழில்ல செய்யற கெடுதல் அதுல கழியாது. பாதிக்கப்பட்டவங்க முறையிட வழி இருக்கணும், அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், மொழியோ படிப்போ பயமோ குறுக்கே நின்னா உதவணும்னும் சொல்லுது. சட்டக் கட்டாயம் இல்லைதான். அதனாலதான் இந்த அலட்சியம்.

போன மாசம் புகார் சொல்ல சித்தியைக் கூட்டிக்கிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். கேட்டைத் தாண்டலை. செக்யூரிட்டி ஒடிசாக்காரர், பாவம், நல்ல மனுஷன். துண்டுச் சீட்டுல இங்கிலீஷ்ல ஒரு மெயில் ஐடி எழுதிக் குடுத்தார். நான் மெயில் போட்டுடுவேன். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு யார் போடுவா?

பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியோட விதிப்படி, அங்க பட்டியலான கம்பெனிகள்ல சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கறவங்க 2022-23லேர்ந்து வருஷாவருஷம் பொறுப்பு அறிக்கை குடுக்கணும். அதுல சுத்துப்பட்டு மக்கள்கிட்டேர்ந்து எத்தனை புகார் வந்துச்சு, எத்தனை நிலுவையில இருக்குன்னு ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் கேட்டோட திரும்பினா அதுல என்ன விழும்? பூஜ்யம். மும்பையில உக்காந்து அதைப் படிக்கிறவருக்கு எண்ணூர்ல எல்லாரும் சவுக்கியம்.

சித்தி அந்தச் சீட்டை மடிச்சு சுருக்குப் பையில வெச்சுக்கிட்டாங்க. ஷேர் ஆட்டோ வர்றதுக்குள்ள ரெண்டு தடவை எடுத்துப் பார்த்துட்டு கேட்டாங்க: "இதுல போன் நம்பர் எதுனா கீதாடா?"