பாம்பு பிடித்துக் காட்டினால்தான் இருளரா?

"உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

சென்ற மாதம் ஓர் அரசு அலுவலகத்தில் என் காதுபடக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எதிரே நின்றவருக்கு ஐம்பத்தைந்து. எங்கள் ஊர் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர். பிளஸ் டூ முடித்த மகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார். மனு எழுதத் துணைக்குப் போன எனக்கு நாற்காலியும் 'சார்' என்ற மரியாதையும் கிடைத்தன. அவருக்குக் கிடைத்தது 'நீ'.

"எங்கள் அப்பாவுக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரியாதுங்க" என்றார். மனு ஓரமாக ஒதுங்கிவிட்டது.

ஏன் தெரியாது என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காகப் பத்து வயதில் அரிசி ஆலைக்குள் போனவர் அவர். அப்பாவோடு வரப்பில் நடந்து, எலி வளையின் வாயில் மண் வழவழப்பாக இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று படித்திருக்க வேண்டிய வயது, அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைப்பதில் கழிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இவர் ஆலைக்குள் போனது அதற்கும் பிறகு. வித்தையைக் கற்கவிடாமல் செய்ததும் நாம்தான், அந்த வித்தை எங்கே என்று கேட்பதும் நாம்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர்களுடைய அறிவு நமக்குத் தேவைப்படும்போது சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு போனபின், 1978-இல் இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இன்றும் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமத்தோடு பிடித்து, நஞ்செடுத்து, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நமக்குப் போடும் ஊசி மருந்து அந்த நஞ்சிலிருந்து வருவது. 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் புளோரிடா அழைத்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அன்று நானும் மகிழ்ந்தேன், இன்றும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். பாம்பு பிடிக்க உரிமம் உள்ளவர்களோ சில நூறு பேர். மற்றவர்கள் என்ன, இருளர்கள் இல்லையா?

போலிச் சான்றிதழ்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போலி வாங்குகிறவனிடம் பணமும் ஆளும் இருக்கிறது. கெடுபிடி முழுவதும் பட்டா இல்லாத குடிசையில் வந்து விழுகிறது. பழக்கவழக்கங்களை வைத்துச் சோதிப்பதை மட்டுமே உரைகல்லாகக் கொள்ளக் கூடாது, காலத்தோடு அவை மாறியிருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. அது இந்த மேசை வரைக்கும் வந்து சேரவில்லை.

இந்த மாசி மகத்துக்கு அந்தக் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். சேலைகளைச் சுற்றிக் கட்டி மணலிலேயே இரவுத் தங்கல். விடியற்காலையில் ஈர மணலைக் குழைத்துக் கன்னியம்மாவுக்குப் படிகள் கட்டி, பூ வைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். அலை வந்து கடைசிப் படியைக் கரைக்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டினாள். பக்கத்தில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர், யார் வகையறா என்று இரண்டு கேள்வியில் உறவு கண்டுபிடித்து விடுகிறார்கள். யார் இருளர் என்பதில் அங்கே ஒருவருக்கும் குழப்பமில்லை.

கல்லூரிச் சேர்க்கை முடிய இன்னும் சில நாட்களே இருக்கின்றன. திங்கட்கிழமை கோட்டாட்சியரை நேரில் பார்க்கப் போகிறோம். அவள் பெரியப்பாவின் பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'இருளர்' என்று இருக்கிறது, அதை எடுத்து வைத்திருக்கிறோம். செங்கல்பட்டுப் பக்கம் இதே வழியில் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தால், வேறு எந்த ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.