வீட்டுக்கல்விக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன வாங்கணும்?" என்பதுதான். எந்தப் பாடத்திட்டம், எந்த ஒர்க்‌ஷீட், சுவரில் என்ன சார்ட் மாட்டுவது, ஆளுக்கொரு மேசை வேண்டுமா? நான்கு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டுக்கல்வி நடத்துகிறவள் என்ற முறையில் என் பதில் இது: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதில் பாதியை வெளியேற்றுங்கள்.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. ஒரே பிள்ளை என்றால் நிறையப் பொருட்களோடும் சமாளித்துவிடலாம். மூன்று நான்கு பிள்ளைகள், அதில் ஒன்று கைக்குழந்தை, எல்லோரும் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலைதான். எடுத்துவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், உடைந்தால் அழுகையை அமர்த்த வேண்டும், "அது என்னோடது" சண்டையைத் தீர்க்க வேண்டும். பாடம் சொல்லித்தர நேரமே இல்லை என்கிற அம்மாக்களின் வீட்டில் ஒரு நாள் கூட இருந்து பார்த்தால் தெரியும், பாதிப் பொழுது இதில்தான் போகிறது.

2018-இல் வெளியான ஒரு ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை, எல்லாம் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள், ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்துப் பலவிதமாகவும் விளையாடினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு "போர் அடிக்குது" என்று நிற்கும் பிள்ளையைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, இவ்வளவையும் எடுத்துவிட்டால் எதை வைத்துப் படிப்பது? வீட்டு வேலையை வைத்துத்தான். துவைத்த துணி மடிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெரியவள் ஆளுக்கொரு அடுக்காகப் பிரிப்பாள். அவளுக்கு அடுத்த தம்பிக்குக் காலுறைகளை ஜோடி சேர்க்கும் வேலை. ஒருநாள் எல்லாம் சேர்த்த பிறகு ஒன்று மிஞ்சியது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "அம்மா, ஒண்ணு மிச்சம் வந்துட்டா, மொத்தம் எத்தனை இருந்தாலும் ரெண்டு ரெண்டா பிரிக்க முடியாது, இல்ல?" என்றான். "அதுக்குப் பேருதான்டா ஒற்றைப்படை" என்றாள் அக்கா. மூன்றாமவள் உடனே வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்க்க ஓடினாள். கைக்குழந்தை வழக்கம்போல மடித்த அடுக்கைச் சரித்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து அவனே வந்து கேட்டான்: "ரெண்டு ஒற்றைப்படையைக் கூட்டினா என்ன வரும்?" நான் பதில் சொல்லவில்லை. இரண்டு கை நிறையக் காலுறைகளைக் கொடுத்தேன்.

இதற்கு ஒர்க்‌ஷீட் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை அவனே கண்டுபிடித்தான் என்பதுதான் எனக்கு முக்கியம். பள்ளிகளைத் திருத்த வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதிய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், அதில் நம்பிக்கை இழந்து 1977-இல் வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்காக ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். பெரியவர்கள் செய்யும் நிஜமான வேலைகளில் பங்கெடுக்கும்போது பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுத்தும் பெருக்கலும் உட்கார்ந்து பழக வேண்டியவைதான். அதற்கு நாங்கள் கைக்குழந்தை தூங்கும் நேரத்தை வைத்திருக்கிறோம். சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது நூறு வருடங்களுக்கும் முன்பு இங்கிலாந்தில் ஷார்லட் மேசன் என்ற கல்வியாளர் வகுத்த முறை. எங்களுக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

வயது வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. "நாலு பேருக்கும் நாலு பாடம் எப்படி நடத்துறீங்க?" நடத்துவதில்லை. பெரியவளுக்கு உரக்க வாசிக்கும் கதையை மற்ற மூன்று பேரும் கேட்கிறார்கள், புரிந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 1907-இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் 3 முதல் 6 வயது வரை ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தானாகவே அமைந்திருக்கிறது. அதைக் கலைத்து நான்கு வகுப்பறைகளாக்குவதுதான் வீண் வேலை.

வாசிப்பு தாமதமானால்? பின்லாந்தில் முறையான பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. ஐந்து வயதுப் பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டவில்லை என்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். பார்வையிலோ கேட்பதிலோ சிக்கல் இருக்குமோ என்று தோன்றினால் மட்டும் உடனே காட்டிவிடுங்கள்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதி இல்லை. ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2019-இல் தோற்றது. இங்கிலாந்தில் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி கொடுத்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி, பின்னாளில் பொதுத்தேர்வு எழுத என்ன வழி என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அப்புறம், யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு வருமானம் நிற்கும். எளிய வாழ்க்கை என்பது அங்கே விருப்பம் மட்டுமல்ல, கட்டாயமும்கூட. அந்த எளிமையின் பாரம் பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. கடையில் வாங்காததை அவள் செய்கிறாள், ஆள் வைக்காததை அவள் செய்கிறாள், அதற்கு மேல் ஆசிரியையும் அவளே. இரவில் குழந்தைக்காக நாலு முறை எழுந்தவள் காலையில் பொறுமையாகப் பெருக்கல் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இப்படி ஓய்ந்துபோன தோழிகளைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முடிவெடுக்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். சமையல் யார், குழந்தை அழுதால் யார், வாசித்துக் காட்டுவது யார், அவள் தனியாக வெளியே போய்வர தினமும் எந்த ஒரு மணி நேரம். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், தயவுசெய்து இந்த வருடம் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்புங்கள். அந்தக் காகிதம் மாறிய பிறகு வாருங்கள், வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசலாம்.