அந்த நாலு பேருக்கும் 50 வயதில்லை

மறுபடியும் அந்தப் படம் கிளம்பிவிட்டது. இடப்பக்கம் கோல்டன் கேர்ள்ஸ் என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் ஒரே வீட்டில் வாழும் பெண்களாக நடித்த நால்வர், வலப்பக்கம் இன்றைய ஹாலிவுட் நடிகை ஒருவர். மேலே "அன்றைய 50, இன்றைய 50" என்று கொட்டை எழுத்து. நேற்று மாலையிலிருந்து டைம்லைன் முழுக்க இதுதான். நான் மதிக்கிறவர்கள்கூட சிரிப்பு எமோஜியோடு பகிர்ந்திருக்கிறார்கள். கீழே வந்த கமென்ட்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலில் கணக்கு. என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்தது 1985 செப்டம்பர் 14. அன்றைக்கு டாரத்தியாக நடித்த பியா ஆர்தருக்கு வயது 63. ரோஸாக நடித்த பெட்டி வைட்டுக்கும் 63. சோஃபியாவாக நடித்த எஸ்டெல் கெட்டிக்கு 62. பிளாஞ்சாக நடித்த ரூ மெக்லனஹன் மட்டும் 51. ஆக, நாலு பேரில் மூன்று பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 63 வயதுப் பெண்ணின் படத்தை எடுத்து, அதில் 50 என்று எழுதி, பக்கத்தில் நிஜமாகவே 50 வயதான ஒருவரை நிறுத்திவிட்டு, "பார், எவ்வளவு கிழடு தட்டிப்போயிருக்கிறாள்" என்று சிரிக்கிறீர்கள்.

அந்த 50 எங்கிருந்து வந்தது? கதையிலிருந்து. ரோஸுக்குக் கதையில் 55. டாரத்திக்கும் ஐம்பது சொச்சம். பிளாஞ்ச் ஏழு வருடமும் தன் நிஜ வயதைச் சொல்லாமலே ஓட்டியவள். யாரோ ஒருவர் பாத்திரத்தின் வயதை எடுத்து நடிகையின் முகத்தில் ஒட்டினார். மற்றவர்கள் சரிபார்க்காமல் பகிர்கிறார்கள். நீங்கள் அந்தப் படத்தில் பார்ப்பது ஐம்பது வயதை இல்லை. ஒப்பனையும் உடையும் விளக்கும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு தோற்றத்தை.

எஸ்டெல் கெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது 1923 ஜூலை. அவருக்கு மகளாக நடித்த பியா ஆர்தர் பிறந்தது 1922 மே. அம்மாவைவிட மகள் ஒரு வருடத்துக்கு மேல் மூத்தவர். சோஃபியாவுக்கோ கதையில் எண்பது வயது. கெட்டி அந்த வேடத்துக்கு இளமையாக இருக்கிறார் என்றுதான் முதலில் தயங்கினார்கள். அப்புறம் வெள்ளை விக், கனத்த கண்ணாடி, முகத்தில் அழுத்தமான ஒப்பனை, தொளதொள பூப்போட்ட கவுன், மேலே ஒரு கார்டிகன். இதற்கெல்லாம் மேலே அந்தக் கைப்பை. அதைக் கவனித்துப் பாருங்கள். சமையலறைக்குப் போனாலும் பை, ராத்திரி எழுந்து வந்தாலும் பை. கைப்பிடியை முழங்கையில் மாட்டி, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடப்பார். அப்படி மாட்டினாலே தோள் தானாக முன்னுக்கு வந்துவிடும், அடி குட்டையாகிவிடும். கிட்டத்தட்ட இருபது வயது குறைந்த ஒரு பெண் எண்பது வயதுக்காரி மாதிரி நடப்பதற்குப் பாதி வேலையை அந்தப் பை செய்கிறது. தொடரின் முதல் பருவத்துக்கும் (சீசன்) இரண்டாம் பருவத்துக்கும் நடுவில் கெட்டி முகத்தை இறுக்கும் அறுவை செய்துகொண்டு வந்தார். மறுபடியும் அவரைக் கிழவியாக்க ஒப்பனைக்காரர்கள் கூடுதலாக உழைக்கவேண்டி வந்தது. அந்த உழைப்பின் பலனைத்தான் உங்கள் படத்தில் "அந்தக் காலத்து 50" என்று போட்டிருக்கிறார்கள்.

உடையே வயதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. முதலில் பெட்டி வைட்டுக்குப் பேசியது பிளாஞ்ச் வேடம். ரூவுக்கு ரோஸ். பெட்டி வைட் மேரி டைலர் மூர் ஷோவில் ஆண்களைத் துரத்தும் ஸூ ஆன் நிவன்ஸாகப் பேர் வாங்கியவர். ரூ, மாட் தொடரில் வெகுளியான விவியனாக நடித்தவர். பழையதையே திரும்பச் செய்யவேண்டாம், மாற்றிப் போடுவோம் என்று யோசனை சொன்னவர் முதல் அத்தியாயத்தின் இயக்குநர் ஜே சாண்ட்ரிச். மாறியது. ரோஸுக்குக் கழுத்துவரை மூடிய காலர், வெளிர் நிறங்கள், பொடிப்பூ டிசைன். பிளாஞ்சுக்குப் பட்டு, இறக்கமான கழுத்து, அடிக்கும் நிறங்கள். மாறாமல் இருந்திருந்தால் அதே 63 வயது பெட்டி வைட் சிவப்புப் பட்டில் நின்றிருப்பார், 51 வயது ரூ காலரை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பாட்டியாக நின்றிருப்பார். அப்போது எந்த முகத்தைக் காட்டிச் சிரித்திருப்பீர்கள்?

தலைமுடியும் அப்படித்தான். உருளை சுற்றி, ஸ்ப்ரே அடித்து நிறுத்திய குட்டை முடி 1985-இல் நாகரிகம். அன்று அப்படி வைத்துக்கொண்ட பெண்கள் பலர் எழுபது, எண்பது வயதிலும் அதை மாற்றவில்லை. அதனால் பின்னால் வந்தவர்களின் கண்ணுக்கு அது பாட்டி முடியாகிவிட்டது. இன்றைக்கு நீங்கள் இளமை என்று நினைக்கும் நேராக்கிய நீள முடிக்கும் முப்பது வருடத்தில் இதே கதிதான்.

அடுத்தது விளக்கு. இதைத்தான் யாருமே பேசுவதில்லை. பார்வையாளர்களை உட்காரவைத்து, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த தொடர் இது. ஒரு கேமராவுக்காக ஒரு முகத்துக்கு விளக்கு வைக்க அங்கே வழியில்லை. நடிகர் சோபாவிலிருந்து எழுந்து சமையலறைக்கு நடந்து போகவேண்டும், எல்லாக் கோணத்திலும் முகம் தெரியவேண்டும். அதனால் உத்தரத்தில் கட்டிய கம்பிகளிலிருந்து மொத்தமாக வெளிச்சத்தைக் கொட்டுவார்கள். மேலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்கடியிலும் மூக்கோரத்திலும் தாடைக்குக் கீழும் நிழல் போடும். பளபளப்பை அடக்க மேலே பவுடர் பூசுவார்கள். சூட்டில் அந்தப் பவுடர் போய்ச் சுருக்கங்களில்தான் உட்காரும், இல்லாத கோட்டையும் எடுத்துக்காட்டும். போதாததற்கு அது வீடியோ டேப். படத்தை உண்டாக்கும் கிடைக்கோடுகளில் கண்ணுக்குத் தெரிபவை 480 சொச்சம்தான். அந்தக் காலத்து வீடியோ கேமராக்கள் ஓரங்களை மின்னணு முறையில் கூர்மையாக்கும். அதைக் கணினியில் பெரிதாக்கி, இன்னொரு முறை கூர்மையாக்கி, அதிலிருந்து ஒரு சட்டகத்தை வெட்டி எடுத்தால் யாருடைய முகமும் பத்து வயது கூடித்தான் தெரியும்.

வலப்பக்கத்துப் படமோ ஒரே கேமரா, முகத்துக்கு நேரே மெத்தென்ற பெரிய விளக்கு, பிறகு கணினியில் தோலைச் சீராக்கிய விளம்பரப் படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதற்குப் பேர் ஒப்பீடா?

சமையலறை மேசையையும் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் வாழும் வீட்டில் மேசைக்கு மூன்று நாற்காலிதான். கேமராக்களுக்கு முதுகு காட்டி யாரும் உட்காரக்கூடாது, அவ்வளவுதான் காரணம். நடு நாற்காலி பெரும்பாலும் டாரத்திக்கு. அடுத்தவர் பேசும்போது பியா ஆர்தர் பேசாமல் வெறுமனே பார்ப்பதற்கே அரங்கம் அதிரும் என்பதால் அந்த முகம் நடுவில் இருந்தாகவேண்டும். இப்படி நாற்காலிவரைக்கும் யோசித்துக் கட்டிய ஒன்றை, ஏதோ நாலு பெண்கள் தற்செயலாகக் கிழவியாகிப்போன மாதிரி பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடனே வருவீர்கள். "சும்மா தமாஷ், இதற்குப் போய் இவ்வளவு சீரியஸா?" தமாஷ்தான். அந்தத் தமாஷ் யாரை அடிக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். பியா ஆர்தர் கிட்டத்தட்ட ஐந்தேமுக்கால் அடி உயரம், கனத்த குரல். டாரத்தி ஆம்பிளை மாதிரி இருக்கிறாள், அழகில்லை, அவளை யார் பார்ப்பார்கள் என்ற ஜோக்குகள் வாராவாரம் வந்தன. அவை அவரைப் புண்படுத்தின என்று உடன் வேலை செய்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது பருவத்தோடு அவர் விலகிக்கொண்டார். மற்ற மூவரையும் வைத்து சி.பி.எஸ். தொலைக்காட்சி கோல்டன் பேலஸ் என்று இன்னொரு தொடர் எடுத்தது, ஒரு பருவம்தான் நின்றது. அவரைக் குத்திய அதே ஜோக்கை, அவர் 2009-இல் இறந்து இத்தனை வருடம் கழித்து, பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துத் திரும்பவும் சொல்கிறீர்கள். "இன்றைய பெண்களைப் பாராட்டத்தான் போட்டோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவரைப் பாராட்ட இன்னொருவரை ஏன் கிழவியாக்க வேண்டும்? பாராட்டு வாங்குகிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது? "இன்னும் உனக்கு வயது தெரியவில்லை, தெரிந்த அன்றைக்கு உன் படம் இடப்பக்கம் போகும்" என்று சொல்லிவைக்கிறீர்கள்.

சிகரெட் குறைந்துவிட்டது, சன்ஸ்க்ரீன் வந்துவிட்டது, சாப்பாடும் உடற்பயிற்சியும் மாறிவிட்டன என்பவர்களுக்கு: ஆமாம், உண்மைதான். ஆனாலும் 63-ஐ 50 என்று எழுத அது காரணம் இல்லை.

சிகிச்சை செய்துகொள்கிறவர்களை நான் குறை சொல்கிறேன் என்று திரிக்க வேண்டாம். கெட்டி செய்துகொண்டதை மேலேயே எழுதியிருக்கிறேன். அவரவர் முகம், அவரவர் விருப்பம்.

"அமெரிக்கத் தொடருக்கு நமக்கு ஏன் கோபம்?" படத்தைப் பகிரும்போது அது அமெரிக்கத் தொடர் என்று தோன்றவில்லையே. இதே ஃபேஸ்புக்கில்தான் ரசிகர்கள் கூட்டம் சேர்ந்து கேட்டு, 2010 மே மாதம் பெட்டி வைட்டை சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் மேடைக்கு ஏற்றினார்கள். அப்போது அவருக்கு 88. நேரலை நிகழ்ச்சி, அதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியும் வாங்கினார். 2021 டிசம்பர் 31 அன்று, நூறாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது போய்ச்சேர்ந்தார். அதே தளத்தில் இப்போது அவர் முகத்தை வைத்து இது.

இந்த நாலு பேரும் வயது தெரியும் முகத்தோடு திரையில் நின்றதால் என்னவெல்லாம் எழுத முடிந்தது என்று யாராவது யோசித்தீர்களா? தொடரை உருவாக்கிய சூசன் ஹாரிஸ், 1972-இல் மாட் தொடரில் இதே பியா ஆர்தருக்கு நாற்பத்தேழு வயதில் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணின் கதையை எழுதியவர். கருக்கலைப்பை நாடு முழுக்க அனுமதித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். கோல்டன் கேர்ள்ஸில் 1989-இல் டாரத்திக்கு இன்னதென்று தெரியாத அசதி நோய் வருகிறது. டாக்டர் டாக்டராக ஏறி இறங்குகிறாள், உனக்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். ஹாரிஸ் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியது அது. கடைசியில் ஓர் உணவகத்தில் அவர்களில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுகிறாள். மேசைக்கே போய், கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக அவரிடம் சொல்கிறாள். பியா ஆர்தரின் முகத்தில் அப்போது தெரியும் களைப்புக்கு அந்தக் கோடுகள் எல்லாம் வேண்டும். 1990-இல் ரோஸுக்கு, பழைய அறுவை சிகிச்சையில் ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்று 72 மணி நேரம் காத்திருக்கும் கதை. எய்ட்ஸ் என்றாலே ஜனங்கள் ஒதுங்கிய காலம், சனிக்கிழமை ராத்திரி, நகைச்சுவைத் தொடர். இதெல்லாம் ஓரத்தில் ஓடியதும் இல்லை. ஏழு பருவத்தில் ஆறு பருவம் பார்வையாளர் தரவரிசையில் முதல் பத்துக்குள். நாலு பேருக்கும் எம்மி. இன்றைக்கு அறுபது வயதுப் பாத்திரம் எழுதினாலும் நாற்பதாகத் தெரிகிறவரைத் தேடுகிறார்கள். இந்த மாதிரிப் படங்களுக்கு விழும் லைக்குகளைப் பார்த்தால் ஏன் தேடமாட்டார்கள்?

இத்தனையும் எழுதவைத்தது ஒரு கமென்ட். "அந்தச் சின்னப் பாட்டிக்கு டயலாக்கே ஞாபகம் இருக்காதாம்" என்று எழுதி, கெட்டி வசனத்தில் தடுமாறும் துண்டு வீடியோ ஒன்றையும் போட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம், இருக்காது. பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்தாலே அவருக்கு நடுக்கம் வந்துவிடும். பிந்தைய பருவங்களில் கேமராவுக்குப் பக்கத்தில் வசன அட்டை பிடித்தார்கள். அந்த அத்தியாயங்களில் அவர் கண் எதிரில் இருப்பவரை விட்டு லேசாக விலகி நிற்பது தெரியும். அப்படி அட்டையைப் படித்துக்கொண்டே, சிரிப்பு எழுந்து அடங்கும் கணத்தைத் தவறவிடாமல் அடுத்த வரியைப் போடுவார். பின்னால்தான் அது லூயி பாடி டிமென்ஷியா என்ற, நினைவைக் குலைக்கும் மூளை நோய் என்று தெரியவந்தது. 2008 ஜூலை 22 அன்று இறந்தார், 85-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு.

கமென்ட் போட்டவர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறவர்தான், இதைப் படிப்பார். முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். வயதைப் பற்றி வாதம் செய்ய வேறு யார் வந்தாலும் பதில் சொல்கிறேன், அது அங்கே இருக்கும்வரை உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.