ரிஜெக்டட் என்று வந்தால் நின்று படியுங்கள் சார்!

மூன்று நாள் ஆகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் டீமில் ஒரு பெண் இருக்கிறாள். முதல் வேலை, சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வீடு கொருக்குப்பேட்டை. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் வரி கணக்கு போடும் பகுதியின் கோடை நான்கு நாள் உட்கார்ந்து திருத்தினாள். எங்கள் கோடெல்லாம் கிட்டில் இருக்கிறது. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் அது. தன் திருத்தங்களை 11 கமிட்டாக, அதாவது தனித்தனிப் பதிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதி, புதன்கிழமை ராத்திரி சர்வரில் எல்லோருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சுக்குப் புஷ் செய்தாள், அதாவது அனுப்பி வைத்தாள். வியாழன் காலை, நாங்கள் யாரும் அதைப் புல் செய்து எங்கள் மெஷினுக்கு இறக்குவதற்கு முன்பே, எங்கள் டீம் லீட் தன்னுடைய பழைய காப்பியை வைத்துக்கொண்டு ஃபோர்ஸ் புஷ் அடித்தார், சர்வரில் இருந்ததை மீறித் தன்னுடையதை ஏற்றிவிட்டார். பதினொன்றும் காலி.

அதோடு விட்டாரா? "எல்லாரும் ரீசெட் ஹார்ட் போட்டு என்னோடத எடுத்துக்கோங்க" என்று குரூப்பில் ஒரு மெசேஜ். ரீசெட் ஹார்ட் என்றால் நம் மெஷினில் இருக்கும் பிராஞ்சையும் அப்படியே அவருடையதைப் போல ஆக்கிவிடுவது. சொன்னபடி அவளும் போட்டாள். மதியம் மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னாலும் "நாலு நாளா என்னம்மா பண்ணே?" என்று கேட்டார். "புஷ் பண்ணிட்டேன் சார்" என்றாள். "அப்போ எங்க காணோம்? ஒரு பேக்கப் வெச்சுக்கத் தெரியாதா?" அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது.

பேக்கப்பாம்! கிட் என்பது என்ன என்று தெரிந்த ஒருவர் கேட்கிற கேள்வியா இது?

சாதாரணமாகப் புஷ் செய்திருந்தால் எதுவும் போயிருக்காது. அவர் முதலில் அப்படித்தான் செய்திருக்கிறார். கிட் விடவில்லை. ரிஜெக்டட் என்று காட்டி, உன்னிடம் இல்லாத வேலை சர்வரில் இருக்கிறது, முதலில் அதை எடுத்துச் சேர்த்துக்கொள் என்று கீழேயே குறிப்பும் கொடுத்தது. அந்த நான்கு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. அதைப் படிக்காமல், ஃபோர்ஸ் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து இன்னொருத்தர் உழைப்பின் மேல் ஏறிப் போய்விட்டார். அப்படியே ஃபோர்ஸ் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஃபோர்ஸ் வித் லீஸ் 2013-லிருந்தே இருக்கிறது. கடைசியாக நாம் பார்த்த நிலையிலிருந்து சர்வர் மாறியிருந்தால் அது புஷ் செய்ய விடாது. மெயின் பிராஞ்சில் யாருமே ஃபோர்ஸ் செய்ய முடியாதபடி சர்வரிலேயே பூட்டியும் வைக்கலாம். ஒரே ஒரு செட்டிங். நான் இதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது தெரியுமா?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே, லினக்ஸ் கர்னல் ஆட்கள் இதே வேலைக்குப் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளின் இலவச அனுமதி கைவிட்டுப் போனதுதான். ஒருத்தர் தயவில் இருந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். ஆரம்பித்த சில நாளிலேயே கிட்டின் கோடே கிட்டுக்குள் போய்விட்டது. க்ளோன் செய்து காப்பி எடுக்கிற ஒவ்வொருவரிடமும் முதல் கமிட்டிலிருந்து முழு வரலாறும் இருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கிண்டிக்குப் போகிற நான், சுரங்கத்துக்குள் சிக்னல் போனாலும் கமிட் போடுவேன், பிராஞ்ச் பிரிப்பேன், போன வருஷம் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்ப்பேன். சர்வரே தேவையில்லை. இப்படி எல்லோர் கையிலும் கொடுத்த ஒன்றை, ஒரே ஆள் நினைத்தால் அழித்துவிடலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறோமே, அதுதான் வயிறு எரிகிறது.

வியாழன் ராத்திரி நல்ல மழை. அவளுக்குப் போன் போட்டால் பாதி வார்த்தை விழவில்லை. அவர்கள் தெருவில் பிராட்பேண்டும் செத்துவிட்டது. வெள்ளி காலை பைக்கை எடுத்தேன். கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தேன். "வாப்பா, முதல்ல டீ குடி" என்றார் அவள் அம்மா. லேப்டாப்பில் சார்ஜ் 22 சதவீதம், கரண்ட் இல்லை. "எல்லாம் போச்சுண்ணா, நான்தானே ரீசெட் போட்டேன்" என்றாள். போகலைம்மா, ரீஃப்ளாக்னு அடி என்றேன். நம் மெஷினில் எந்தக் கமிட்டிலிருந்து எதற்கு நகர்ந்தோம் என்று கிட் எழுதி வைக்கும் குறிப்பு அது.

வந்தது. ரீசெட் போட்ட வரிக்கு நேர் கீழே, அவள் புதன்கிழமை கடைசியாகப் போட்ட கமிட், "பைசாவை ரவுண்ட் செய்வதை மொத்தத்தில் மட்டும் வைத்தேன்" என்று அவள் எழுதிய அதே வாசகத்தோடு. எந்தப் பிராஞ்சிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிற கமிட்டின் பதிவைக்கூட கிட் சாதாரணமாக 30 நாள் அங்கே வைத்திருக்கும். கமிட் செய்யாமல் விட்டிருந்தால் ரீசெட் ஹார்ட் அதை நிஜமாகவே விழுங்கியிருக்கும். ஒழுங்காகக் கமிட் போட்டு வைத்த அவள் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது. அந்த இடத்திலிருந்து ஒரு பிராஞ்ச் எடுத்தோம். நெட் இல்லையே, அதனால் கிட் பண்டில் போட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிப் பென் டிரைவில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து என் காப்பிக்குள் இழுத்தேன். பதினொன்றும் இருந்தது, அவள் பெயரோடு, அவள் போட்ட நேரத்தோடு.

லீட் போட்டதற்கு மேல் அவற்றை மெர்ஜ் செய்து, அன்று மாலையே சாதாரணமாகப் புஷ் செய்தேன். ஃபோர்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. குரூப்பில் "குட், இஷ்யூ க்ளோஸ்ட்" என்று போட்டார் லீட்.

என்ன சார் க்ளோஸ்ட்? நாலு நாளா என்ன பண்ணே என்று பத்து பேர் முன்னால் கேட்டீர்களே, அதே பத்து பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். அந்தச் செட்டிங்கையும் இன்று காலை பார்த்தேன். இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.