ஒழுங்கையில் திரும்புவது வேறு, வளைவில் போவது வேறு

2025இல் கார் இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து வெள்ளவத்தையில் நாலு பேர் கூடினால் கார்ப் பேச்சுத்தான். விலை, வரி, லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். அப்புறம் யாராவது ஒருவர், "பின்சில்லு தள்ளினால்தான் அண்ணை கார், முன்சில்லு இழுக்கிறதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பார். எஞ்சின் எந்தச் சில்லைச் சுழற்றுகிறது என்பதுதான் சங்கதி. எனக்கு இந்தப் பேச்சு சரிப்பட்டு வருவதில்லை.

காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை, இரண்டு பக்கமும் மதில், ஓரத்தில் யாரோ விட்டுப்போன வான். அதற்குள் ஒரே வெட்டில் திரும்புமா என்பது ஒரு கேள்வி. மழையில் வழுக்கும் வளைவில் சொல் கேட்குமா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்வியில் அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. முன்சில்லு இழுக்கும் காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் இரண்டு சில்லுக்கும் நடுவே குறுக்காக அடைத்துக்கொண்டிருக்கும். சில்லு மடங்க இடம் போதாது. சில்லு திரும்பும்போதும் எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கொடுக்கும் மூட்டான சிவி ஜொயின்ட்டும் ஓரளவுக்கு மேல் மடங்காது. எஞ்சின் பின்னால் போனால் இந்தத் தொல்லை இல்லை. டாட்டா நானோவின் திரும்பும் ஆரை வெறும் 4 மீட்டர். ஆனால் காரின் நீளமும் இதில் சேர்த்தி. வேகன் ஆர் முன்சில்லு இழுவைதான், குட்டை என்பதால் தப்பிக்கொள்கிறது.

வளைவில் கதை மாறும். முன்சில்லு இழுவையில் வேகம் கூடினால் மூக்கு வெளிப்பக்கம் ஓடும். பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்போம். பாரம் முன்னுக்கு வந்து ரயர் பிடிக்கும், பெரும்பாலும் கார் வழிக்கு வந்துவிடும். பின்சில்லுக் காரில் ஈரத்தில் ஆக்சிலேட்டரை அளவுக்கு மேல் அமத்தினால் வால் சுழலும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினும் பின்னால் என்றால், வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுப்பதே வினை. பயந்தவன் கால் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு சில்லு இழுவை? புறப்பட உதவும், பிரேக்குக்கு ஒன்றும் செய்யாது.

1948இல் பின்சில்லு மொரிஸ் மைனரை வடிவமைத்த இசிகோனிஸ்தான் 1959இல் எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சில்லு மினியைக் கொண்டுவந்தார். அந்த 'விளையாட்டுச் சாமான்' 1964, 1965, 1967 என மூன்று முறை மொண்டே கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை வென்றது.

பழைய முன்சில்லுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் வெளிப்பக்க சிவி ஜொயின்ட் முடிந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிச் சாமான் கிடைக்கும், அந்தக் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.