ஜாஸ் காலம் என்கிறோமே, அதன் 1924-ஆம் ஆண்டு

கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த ஜாஸ் இசையின் பெயரால் ஜாஸ் காலம் என்று அழைக்கப்படும் அமெரிக்காவின் 1920-களைப் பற்றி எவர் எழுதினாலும் முத்துச்சரம் தொங்கவிட்ட குட்டைக் கூந்தல் பெண்களும், மதுவிலக்கு அமலில் இருந்ததால் திருட்டுத்தனமாக மது விற்ற விடுதிகளும், விடிய விடிய நடந்த விருந்துகளும் தவறாமல் வந்துவிடுகின்றன. அவை நடந்தவைதான். ஆனால் அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள், ஒரு தேசமே பத்தாண்டுகள் கவலையின்றி ஆடிக் களித்தது என்று நம்பிவிடுகிறார்கள். என் பார்வையில், அந்த நாடு அப்போது ஒரு பெரிய பங்காளிச் சண்டையில் இருந்தது. வீடு யாருடையது, யார் உள்ளே வரலாம், வந்தவர்களில் யார் கூடத்தில் உட்காரலாம் என்பதே சண்டை. 1924 என்ற ஓராண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே அது தெரிந்துவிடும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று, நியூயார்க்கின் ஏயோலியன் அரங்கில், பால் ஒயிட்மன் என்ற வெள்ளையர் இசைக்குழுத் தலைவர் ஜாஸைக் கச்சேரி மேடைக்கு ஏற்றப்போவதாகச் சொல்லி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். முன்பெல்லாம் இது எவ்வளவு கரடுமுரடாக இருந்தது பாருங்கள் என்று காட்டுவதற்காகவே பழைய பாணி ஜாஸ் ஒன்றை முதலில் வாசிக்கவைத்தார். (இந்தத் தோரணை எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.) நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஜார்ஜ் கெர்ஷ்வின் பியானோவின் முன் அமர்ந்தார், ராஸ் கோர்மன் கிளாரினெட்டில் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக, நம் வித்வான்கள் ஜாரு என்பார்களே அதைப்போல, வழுக்கி ஏறினார். கெர்ஷ்வின் எழுதியிருந்தது படிப்படியாக ஏறும் ஸ்வர வரிசைதான். ஒத்திகையில் கோர்மன் விளையாட்டாகச் செய்த இழுப்பு அவருக்குப் பிடித்துப்போகவே அதுவே நிலைத்தது. 'ராப்சடி இன் புளூ' என்ற அந்த இசைப்படைப்பு அப்படித்தான் அரங்கேறியது. அதை எழுதியவரின் பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள்.

மூன்றரை மாதம் கழித்து, மே 26 அன்று, அப்படிப்பட்ட குடும்பங்கள் இனி வராமல் தடுப்பதற்கான குடியேற்றச் சட்டத்தில் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டார். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் வாழ்ந்த ஒவ்வொரு அயல்நாட்டாரின் எண்ணிக்கையில் 2 சதவீதமே அந்தந்த நாட்டுக்கான ஆண்டு ஒதுக்கீடு என்றது சட்டம். புதிய கணக்கெடுப்புகள் கையில் இருக்க, முப்பத்துநான்கு ஆண்டுப் பழைய ஏட்டை ஏன் தூசி தட்டி எடுத்தார்கள்? இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருந்திரளாக வந்திறங்கியது அதற்குப் பிறகுதான் என்பதால். ஜெர்மனிக்கு 51,000-க்கும் மேல் கிடைத்தது. இத்தாலிக்கு 4,000-கூட இல்லை. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே வேலை முடிந்துவிட்டது.

ஆசியர்களுக்கு இந்தக் கணக்கு வழக்குகூடத் தேவைப்படவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுதினால் போதுமானதாக இருந்தது. குடியேறியவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். அந்தத் தகுதி எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பது தனிக் கூத்து. 1922 நவம்பரில், ஜப்பானியரான டாகாவோ ஒசாவா காக்கேசிய இனத்தவர் (வெள்ளையரை உள்ளடக்கியதாக அன்றைய இனவியல் சொன்ன பிரிவு) அல்லர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. மூன்றே மாதங்களில், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திண்ட், இனவியல்படி நான் காக்கேசியன் என்று வாதாடியபோது, இனவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதனின் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்ற பொருளில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜூன் 24 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு தொடங்கியது. கறுப்பர், கத்தோலிக்கர், யூதர் மீது வெறுப்பை வளர்த்த வெள்ளையர் ரகசிய அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதா வேண்டாமா என்பதில் கட்சி இரண்டாகப் பிளந்தது. பிரதிநிதிகள் சிலருக்கு முழு வாக்குகூட இல்லாத அந்த மாநாட்டில், கண்டிக்கும் தீர்மானம் ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. பிறகு அதிபர் வேட்பாளர் தேர்வு. ஒருபுறம் நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித், கத்தோலிக்கர், மதுவிலக்கை எதிர்த்தவர். மறுபுறம் வில்லியம் மெக்கடூ, மதுவிலக்கின் ஆதரவாளர், கிளானின் வாக்குகளை வேண்டாம் என்று சொல்லாதவர். மதுவிலக்கைக் குடிப்பழக்கம் பற்றிய சட்டமாக மட்டும் படிப்பவர்கள் இந்த இரண்டு அணிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நகரத்துச் சாராயக் கடையில் கூடிய அயர்லாந்துக்காரரையும் இத்தாலியரையும் கண்டு சிற்றூர்ப் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த அச்சம் அதில் பாதி.

வேட்பாளராவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. அகரவரிசையில் முதலில் வரும் அலபாமாவின் ஆளுநர் ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து, தம் மாநிலத்தின் 24 வாக்குகளும் அதன் செனட்டர் ஆஸ்கார் அண்டர்வுட்டுக்கே என்று முழங்குவார். வானொலியில் கேட்டுக் கேட்டு ஊருக்கெல்லாம் மனப்பாடமான அந்த வரியை, மாநாட்டுக் கூட்டமும் சேர்ந்து ஒப்பிக்கத் தொடங்கியது. இந்த அண்டர்வுட் அலபாமாக்காரராக இருந்தும் கிளானை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை 9 அன்று, 103-ஆவது சுற்றில், ஜான் டேவிஸ் என்ற வழக்கறிஞரைச் சமரசமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அனைவரும் கலைந்தார்கள். நவம்பரில் கூலிட்ஜ் அவரை எளிதாகத் தோற்கடித்தார். அதே டேவிஸ், 1952-இல், எண்பதை நெருங்கும் வயதில், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகளே தொடரவேண்டும் என்று தென் கரோலினாவுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்.

அந்த 1924-இன் இலையுதிர் காலத்தில்தான், இருபத்துமூன்று வயது லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவிலிருந்து வந்து ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் சேர்ந்தார். பிராட்வேயில் இருந்த ரோஸ்லேண்ட் நடன அரங்கில் அந்தக் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், ஆடுதளத்தில் வெள்ளையர்கள் மட்டும். ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்ததென்னவோ சில தாளச் சுற்றுகளே நீளும் தனி வாசிப்புகள்தான். ஆனால் தாளத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பிடித்து டிரம்பட்டைப் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை அவர் முழக்கிய விதத்தைக் கேட்டபின் மற்றவர்களால் பழையபடி வாசிக்க முடியவில்லை. குழுவுக்கு இசையமைப்பை எழுதிவந்த டான் ரெட்மனும் தம் எழுத்தை அந்தப் போக்குக்கு மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். ஜாஸ் என்று இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி அந்த மேடையிலிருந்து வந்தது. ஏயோலியன் அரங்கிலிருந்து வந்தது சொற்பம்.