15 ஆடு, 3 புலி, 1 அத்தான்

காதுகுத்து வீட்டில் நானும் எங்கள் அத்தானும் ஆடுபுலி ஆட்டம் ஆடிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "பாரம்பரிய விளையாட்டுக்கே புது ரூல் போடும் விஞ்ஞானி" என்று மேலே எழுதி, நாலு சிரிப்பு பொம்மை வேறு. அந்த விஞ்ஞானி நான்தான். வீடியோவைப் போட்டவர் அத்தான். மரியாதைக்குரியவர், அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டுக்கு நாமே ரூல் வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிட்டால் இல்லவே இல்லை.

ஆடுபுலியில் புலி கோட்டு வழியே ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கணும். நான் சொன்ன ரூல் இவ்வளவுதான். 15 ஆடும் கட்டத்தில் இறங்கிய பிறகு, ஒரே ஆட்டை அதே இரண்டு புள்ளிக்குள் மூன்று தடவைக்கு மேல் போக வரச் செய்யக் கூடாது. விளையாடியவர்களுக்குத் தெரியும், ஆட்டுக்காரர் பயந்துபோய் ஓரத்தில் ஒன்றை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தால் பந்தி முடிந்தாலும் ஆட்டம் முடியாது.

இது ராத்திரி படுத்து யோசித்துக் காலையில் போட்ட ரூல் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. கொல்லையில் தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது. அப்பா அதைப் பார்க்கவே வெளியே வரமாட்டார். திண்ணையில் கரியால் கட்டம் கீறி, புளியங்கொட்டை ஆடு, சோடா மூடி புலி என்று நான்தான் அவரை உட்கார வைத்தேன். ரைஸ்மில்லில் கணக்கு எழுதினவர், சும்மா ஆடுவாரா? நோட்டுப் போட்டார். ஆடு யார், புலி யார், எத்தனை வெட்டு, எங்கே முட்டியது.

முதலில், வெட்ட வழி இருந்தால் புலி வெட்டியே ஆகணும் என்று வைத்துப் பார்த்தோம். ஆட்டம் சீக்கிரம் முடியும் என்று நினைப்பு. முடிந்தது, ஆடுதான் ஜெயித்தது. இரண்டு ஆட்டைத் தீனியாகக் காட்டி, புலியை மூலைக்கு இழுத்து அடைத்துவிட்டேன். மறுநாள், ஐம்பது நகர்த்தலுக்குள் புலியை அடைக்கணும் என்றோம். புலி ஒன்றும் செய்யாமல் தப்பித்துக்கொண்டே இருந்தால் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவதாக வந்ததுதான் இந்த ரூல். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும், ஒவ்வொரு ஆட்டமும் பக்கம் மாறி ஆடணும் என்பார் அப்பா. "ரூல் போட்டவ, அந்த ரூலால யாருக்கு நட்டமோ அந்தப் பக்கம் மொதல்ல உக்காரு" என்பார். காதுகுத்து அன்றைக்கும் நான் ஆட்டுப் பக்கம்தான் உட்கார்ந்தேன், வீடியோவில் தெரிகிறது.

"ஒரிஜினல் ரூலைக் கெடுக்காதே" என்கிறார்கள். எந்த ஒரிஜினல்? எங்கள் வீட்டில் ஆறு ஆடு வெட்டினால் புலி ஜெயிக்கும், அம்மாச்சி ஊரில் ஐந்து. மாமல்லபுரத்தில் 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதரைப் பெருமையாகப் பகிர்ந்தவர் இதே அத்தான். இளவரசியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கல்யாணம் செய்த ஈஸ்வரன். அப்போது சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போனதா என்று கேட்டீர்களா அத்தான்? நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் ஒரு கட்டம்தான். அதில் பழகிய சுல்தான் கான், மேல்நாட்டு விதிக்கு மாறி 1929இல் பிரிட்டிஷ் சாம்பியனே ஆனார். அவர் பாரம்பரியத்தைக் கெடுத்தவரா?

அத்தான் வீட்டு மோனோபோலியில் ஃப்ரீ பார்க்கிங் கட்டத்தில் நின்றால் நடுவில் கிடக்கும் பணம் முழுவதும் கிடைக்கும். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஒருவர் வாங்காத நிலம் ஏலத்துக்குப் போகணும் என்றுதான் இருக்கிறது, அதை அவர்கள் ஆடுவதே இல்லை. அதனால்தான் அங்கே பொங்கலுக்குத் தொடங்கிய ஆட்டம் காணும் பொங்கல் வரை இழுக்கிறது. அது மட்டும் வீட்டுப் பழக்கம், நான் செய்தால் திமிர்.

நடு ஆட்டத்தில்தான் சொன்னேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முன்னாடியே சொன்னேன். மைக்செட் சத்தத்தில் அத்தான் காதில் விழவில்லை என்றால் நான் என்ன செய்வது? சரி, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அதை விடுங்கள்.

எனக்கு வலித்தது ரூல் விஷயம் இல்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். அத்தான் பிரித்துக்கூடப் பார்க்காமல் "கிறுக்கு நோட்டு" என்று சொல்லிப் பந்திப் பாயில் தூக்கிப் போட்டார். அப்பா கையெழுத்து அது. அட்டையில் இப்போது சாம்பார்க் கறை. அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அந்தத் திண்ணையில் வளர்ந்தவள்தானே.

பி.கு: வீடியோவில் 41ஆவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். அத்தானின் புலி என் ஆட்டைத் தாண்டுகிறதே, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடே கிடையாது.